அடைப்புக்குறிக்குள் ஒரு வரி

விருதுப் பலகையை நடீன் விடவில்லை.

ஒரு முனை அவள் கையில், மறுமுனை லவோனின் கையில். எதிரே கேமராவைத் தூக்கிப் பிடித்தபடி, "இன்னும் கொஞ்சம் கிட்ட வாங்கம்மா, ரெண்டு பேரும்" என்றார் உள்ளூர்ப் பத்திரிகைக்காரர் ராஸ்கோ.

இருவரும் கிட்ட வந்தார்கள்.

"அந்தக் கார்டை எடுத்துடு" என்றாள் நடீன், உதடு அசையாமல்.

சர்ச்சின் அடித்தளக் கூடத்தில் அறுபது பேர் கைதட்டிக்கொண்டிருந்தார்கள். தட்டுகளில் கோழி நூடுல்ஸ் ஆறிக்கொண்டிருந்தது. சம்பளமில்லாமல் உழைக்கும் தன் தொண்டர்களில் ஒருவருக்கு, ஓஹையோவின் அந்தச் சின்ன வம்சாவளிச் சங்கம் ஆண்டுக்கு ஒரு முறை தரும் விருது அது. இந்த வருடம் லவோனுக்கு என்று ஐந்து பேர் குழுவில் நான்கு பேர் கை தூக்கினார்கள். தூக்காதது நடீனின் கை. ஆனால் தலைவி அவள்தான். கொடுக்க வேண்டியவளும் அவள்தான்.

இருபத்தாறு வருடம். வாரத்துக்கு இரண்டு நாள், நூலகத்தின் பின்னறையில் உட்கார்ந்து, உள்ளூர்ப் பத்திரிகையில் வந்த மரண அறிவிப்புகளை ஒன்றுவிடாமல் கார்டில் எழுதியவள் லவோன். 1871இலிருந்து போன வாரம்வரை, நாற்பத்தோராயிரம் கார்டுகள். கோடை வந்தால் கல்லறைத் தோட்டங்களில் முழங்காலிட்டு, பாசியைத் தூரிகையால் தள்ளி, தேய்ந்துபோன பெயர்களைப் படித்தெடுப்பாள். எங்கிருந்தோ ஒருவர் போன் செய்து தன் கொள்ளுத்தாத்தாவைக் கேட்டால், அரை மணி நேரத்தில் கண்டுபிடித்துக் கொடுத்துவிடுவாள்.

இதையெல்லாம் சற்றுமுன் மைக்கில் நடீன் வானிலை அறிக்கை மாதிரி வாசித்து முடித்திருந்தாள்.

இருவருக்கும் ஆகாது என்பது ஊருக்கே தெரியும். ஏன் என்று யாருக்கும் தெரியாது.

பதினோரு வருடத்துக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை, லவோன் ஓர் உறையுடன் நடீனின் வீட்டுக்குப் போனாள். உள்ளே இருந்த பழைய சான்றிதழை நடீன் வாசலில் நின்றபடியே படித்தாள். மடித்துத் திருப்பிக் கொடுத்தாள். கதவைச் சாத்தினாள். மறுவாரம் பின்னறையின் பூட்டு மாறியிருந்தது. லவோன் நூலகப் படிக்கட்டில் உட்கார்ந்துகொண்டாள். மூன்றாவது வாரம் நூலகரே பொறுக்கமாட்டாமல் ஒரு புதுச்சாவியைக் கொடுத்தார்.

இந்த மார்ச்சில் நடீனின் தாய் இறந்தபோது, சர்ச்சில் நடந்த இறுதிச்சடங்கில் லவோன் கடைசி வரிசையில் வந்து உட்கார்ந்தாள். நடீன் ஆளனுப்பினாள். "இது குடும்பத்துக்கு மட்டுங்க" என்று சொன்னவனை லவோன் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு எழுந்து போய்விட்டாள்.

அந்த வாரப் பத்திரிகையும் வழக்கம்போல அவள் மேஜைக்குத்தான் வந்தது.

சங்கத்தின் விதி எளிது. அச்சில் இருப்பதை ஓர் எழுத்துகூட மாற்றாமல் எழுத வேண்டும். அது தவறென்று தெரிந்து, கையில் ஆதாரமும் இருந்தால், கீழே அடைப்புக்குறிக்குள் திருத்தம் எழுதிக் கையெழுத்திட வேண்டும். விதியை எழுதியவள் நடீன்.

"திங்கட்கிழமை எல்லாக் கார்டும் மாநில நூலகத்துக்குப் போகுது. அதுக்குள்ள எடு" என்றாள் நடீன், கேமராவைப் பார்த்தபடியே.

"நீ போட்ட விதிதானே, நடீன்."

"எங்கம்மா போய் ஏழு மாசம்தான் ஆகுது. அவங்க மானத்தை வாங்காத."

"அவங்க மானமா, உன் மானமா?"

"சிரிங்கம்மா!" என்றார் ராஸ்கோ.

சிரித்தார்கள். முன்மேஜையில் ஒரு பெண் பக்கத்திலிருந்தவளிடம், "பாரேன், ரெண்டு பேருக்கும் கண்ணு கலங்குது" என்றாள்.

"எடுக்கலேன்னா இது உனக்குக் கிடையாது" என்றாள் நடீன். அவள் விரல் நகங்கள் பலகையின் விளிம்பில் வெளுத்திருந்தன.

லவோன் கையை எடுத்தாள்.

"நீயே வச்சுக்கோ."

அவ்வளவுதான். மேடையிலிருந்து இறங்கினாள். தன் நாற்காலியில் கிடந்த கோட்டை மாட்டிக்கொண்டு, மேஜைகளுக்கு நடுவே யாரையும் இடிக்காமல் நடந்து, படியேறிப் போனாள். கைதட்டல் அங்கங்கே அறுந்து நின்றது.

இன்னொருத்தியின் பெயர் பொறித்த பலகையுடன் நடீன் நின்றாள். கேமரா இன்னும் அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது.

"பாவம், ரொம்ப உணர்ச்சிவசப்பட்டுட்டாங்க" என்றாள் மைக்கில்.

கூட்டம் மறுபடி கைதட்டியது. யாரோ பூசணிப் பலகாரத்தை வெட்டத் தொடங்கினார்கள்.

அந்தக் கார்டை நடீன் ஏற்கெனவே இரண்டு முறை கிழித்துப் போட்டிருந்தாள். இரண்டு முறையும் அடுத்த செவ்வாய்க்கிழமை, அதே இழுப்பறையில், அதே இடத்தில், அதே கையெழுத்தில் புதிதாக ஒன்று இருந்தது.

மேலே, பத்திரிகைக்கு நடீன் எழுதிக் கொடுத்த வாசகம், ஓர் எழுத்து மாறாமல்:

எதிலின் கார்பர், வயது 88. இவருக்கு ஒரே மகள், நடீன்.

கீழே, அடைப்புக்குறிக்குள்:

[தவறு. மகள்கள் இருவர். ஆதாரம்: மூத்தவளின் பிறப்புச் சான்றிதழ், என்னிடம் உள்ளது. – லவோன்]