சமையலறைக்கும் ஒரு ஸ்பீக்கர்

"முதல்ல வீட்டம்மாவை ஒரு வார்த்தை கேட்டுருங்க சார். எந்த சாப்ட்வேருங்கறதை அப்புறம் பாத்துக்கலாம்" என்றான் மோகன்குமார்.

கம்ப்யூட்டரில் இருக்கும் பாட்டை வீடு முழுக்க ஒலிக்கவைக்கும் சர்வர் வைத்துக் கொடுக்கிற தொழிலில் அவன் அடிபட்டுக் கற்ற பாடம் அது. வீட்டுக்காரர் அற்புதராஜ் சமையலறைப் பக்கம் ஒரு தடவை எட்டிப் பார்த்துக்கொண்டார்.

நூற்பாலையில் சூப்பர்வைசராக இருநூறு பேரை மேய்த்தவர், மனைவி சகாயம்மாளிடம் ஒரு முறையும் ஜெயித்ததில்லை. கோயில் காரியம், கொடுக்கல் வாங்கல், சுவருக்கு என்ன நிறம் எல்லாமே அவள் இலாகா. கொண்டப்பநாயக்கன்பட்டியில் இந்த வீட்டைக் கட்டியபோது அவர் நீலம் கேட்டார். பச்சை அடித்தார்கள்.

ஓய்வு பெற்ற இரண்டு வருஷத்தில் நானூற்றுப் பன்னிரண்டு கேசட்டுகளைக் கம்ப்யூட்டரில் ஏற்றியிருந்தார். ஐயாயிரம் பாட்டு. காதில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு மொட்டை மாடியில் திருட்டுத்தனமாகக் கேட்டது போதும், கண்ணை மூடுவதற்குள் ஒரு நாளாவது அவை வீடு முழுக்க ஒலிக்க வேண்டும். அந்த ஒரே ஆசைதான் மிச்சம்.

"சகாயம், வீட்டுல பாட்டு வைக்கலாம்னு..."

"வைங்களேன்" என்றாள் சகாயம்மாள், கீரையை ஆய்ந்தபடி.

அற்புதராஜ் மோகன்குமாரைப் பார்த்தார். மோகன்குமார் அற்புதராஜைப் பார்த்தான்.

"மூணு சாப்ட்வேர் இருக்கு சார். ஒண்ணு இலவசம். ஆனா மக்கர் பண்ணினா நீங்களேதான் மல்லுக்கட்டணும். ரெண்டாவது நல்லா அடுக்கி வைக்கும், ஆனா ஒரு நேரத்துல ஒரு ரூமுக்குத்தான் பாடும். மூணாவது எல்லா ரூம்லயும் பாடும். ஒரு பாட்டு முடிஞ்சா அதுவே அடுத்ததைத் தேடிப் போட்டுக்கும். நிறுத்தவே நிறுத்தாது."

அற்புதராஜின் கண் மூணாவதில்தான் இருந்தது; ஆனாலும் ரெண்டாவதே போதும் என்று சொல்லத்தான் வாயெடுத்தார்.

"மூணாவதுதான் உங்களுக்குப் பிடிச்சிருக்குன்னா அதையே போடுங்க" என்றாள் சகாயம்மாள்.

"சமையல் ரூமுக்கும் ஒரு ஸ்பீக்கர்..."

"மாட்டுங்க."

"படுக்கற ரூம்ல?"

"அங்கயும்தான்."

மோகன்குமார் கையிலிருந்த ஸ்குரூவைத் தவறவிட்டான். இப்படி ஒரு வீட்டை அவன் பார்த்ததே இல்லை.

மத்தியானத்துக்குள் பாட்டெல்லாம் ஏறிவிட்டன. ஒன்றே ஒன்று மட்டும் ஏற மறுத்தது.

"சார், இந்தப் பாட்டை சாப்ட்வேருக்கு அடையாளம் தெரியல. ரேடியோவுல இருந்து பதிஞ்சதா? நடுவுல ஒரு அம்மா, 'பாட்டு கேட்டுக் கிழிச்சது போதும், குழாயில தண்ணி வந்துருச்சு'ன்னு கத்தறாங்க."

"அது நான்தான் தம்பி" என்றாள் சகாயம்மாள். "பேரு போட்டு சேர்த்துக்கங்க."

கடைசியாகக் கேட்டான்: "மாசாமாசம் சந்தாவா சார், இல்ல ஆயுளுக்கும் ஒரே தடவையா கட்டிடறீங்களா?"

"ஆயுளுக்கும்!" என்றார் அற்புதராஜ். இவ்வளவு சத்தமாக அவர் அந்த வீட்டில் பேசியதே இல்லை.

சகாயம்மாள் வாயைத் திறந்தாள். சுவரில் இருந்த மாதா படத்தை ஒரு நிமிஷம் பார்த்தாள். மூடிக்கொண்டாள்.

"உங்க இஷ்டங்க" என்றாள்.

நாலு அறையிலும் பாட்டு எழுந்தது. அற்புதராஜ் கூடத்தில் நின்றார், சமையலறைக்குப் போனார், திரும்பி வந்தார். போன இடமெல்லாம் பாட்டு.

"முப்பத்தாறு வருஷமா உன்னைத் தப்பா நினைச்சுட்டேன் சகாயம். எப்படி இவ்வளவு மாறின?"

"மாறவெல்லாம் இல்லைங்க. தவக்காலத்துல, ஈஸ்டர் வர்ற வரைக்கும், நமக்கு ரொம்பப் பிரியமானது எதையாவது விட்டுரணும்னு சாம்பல் புதனன்னைக்கு ஃபாதர் சொன்னாரு. வருஷா வருஷம் கறியை விடுவேன். இந்த வருஷம் உங்களை எதிர்த்துப் பேசறதை விட்டிருக்கேன்."

பிறகு ஏணியை மடக்கிக்கொண்டிருந்த மோகன்குமாரிடம் திரும்பினாள்.

"தம்பி, ஈஸ்டருக்கு மறுநாள் வேற வேலை எதுவும் வச்சுக்காதீங்க. இதையெல்லாம் கழட்டணும், காலையிலயே வந்துருங்க."