ஒரு ஸ்பூன் ரவை

குடிவந்த மூன்றாம் நாள் காலை, கதவுச் சங்கிலியை எடுக்காமலே அவள் எட்டிப் பார்க்கிறாள். வயலினை அவசரமாகப் போர்வைக்குள் சுருட்டிவிட்டுத்தான் வந்திருக்கிறாள். போன வீட்டைக் காலி செய்யவைத்ததே அந்தச் சத்தம்தான். வெளியே எதிர்வீட்டுக்காரர் கிண்ணத்தோடு நிற்கிறார். "ஒரு ஸ்பூன் ரவை கிடைக்குமாம்மா?" ஒரு ஸ்பூன் ரவையில் என்னத்தைக் கிண்டுவது? மோப்பம் பிடிக்கத்தான் வந்திருக்கிறார். அவர் விரல்கள் சும்மா இருக்காமல் கிண்ணத்தின் விளிம்பில் தட்டிக்கொண்டே இருக்கின்றன. வெயிலில் தெரிகிறது, நுனியெல்லாம் காய்த்திருக்கிறது. மிருதங்கத்தின் இடப்பக்கத் தோலில், நாதம் கனத்து ஒலிக்க, அந்த ஒரு ஸ்பூன் ரவையைத்தான் பிசைந்து அப்புவார்கள். "தண்ணி விட்டுப் பிசைஞ்சே தரட்டுமா?" என்கிறாள். அவர் முகம் வெளுக்கிறது. படிக்கட்டைத் திரும்பிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்துகிறார். "ஹவுஸ் ஓனர்கிட்ட சொல்லிடாதீங்கம்மா." அவள் சங்கிலியைக் கழற்றுகிறாள்.