எட்டு மாசப் புகை

"நீங்களே சொல்லுங்க டாக்டர், என் பொண்டாட்டி பையில இருக்க வேண்டிய பொருளா இது?"

லிஃப்ட் மெக்கானிக் அதை மேஜைமேல் பட்டென்று வைத்தார். பார்க்க ஸ்கெட்ச் பேனா மாதிரி இருந்தது. ஸ்ட்ராபெர்ரி வாசனை அடித்தது. இ-சிகரெட்.

பக்கத்து நாற்காலியில் மனைவி தலையைக் குனிந்தபடி உட்கார்ந்திருந்தாள்.

நேற்று சாவியைத் தேடி அவர் அவளுடைய பையைக் கவிழ்த்தபோது அகப்பட்டது. வீடே அதிரக் கத்தினார். அவள் சிதறிய சாமான்களைப் பொறுக்கிப் பைக்குள் போட்டுக்கொண்டிருந்தாள். அதுதான் அவருக்கு இன்னும் எரிச்சல். இன்று அரைநாள் லீவு போட்டுக் கையோடு கூட்டி வந்துவிட்டார்.

"நான் டீகூடத் தொடமாட்டேன் டாக்டர். ஞாயித்துக்கிழமையும் வேலைக்கு ஓடறேன். எல்லாம் யாருக்காக? இவளுக்கு என்ன குறை வெச்சேன்?"

டாக்டரம்மா அவள் பக்கம் திரும்பினார். "எங்கம்மா வேலை பார்க்கறீங்க?"

"கண்ணாடிக் கடைல. ஃபிரேமுக்கு லென்ஸ் மாட்டறது."

"போன வாரம் வலது கண் லென்ஸை இடது பக்கம் மாட்டிக் கொடுத்திருக்கா!" மெக்கானிக் குறுக்கே புகுந்தார். "கை நடுங்குது. தூக்கம் கிடையாது. தொட்டதுக்கெல்லாம் அழுகை. எல்லாம் இந்தச் சனியனாலதான்!"

"அவங்க பேசட்டும். இதை எதுக்கும்மா இழுக்கறீங்க?"

"நெஞ்சு படபடன்னு அடிச்சுக்கும். இழுத்தா கொஞ்சம் அடங்கும்."

"அப்புறம்?"

"கொஞ்ச நேரத்துல முன்னைவிட ஜாஸ்தியா வரும். மறுபடியும் இழுப்பேன்."

"நிக்கோட்டின் அப்படித்தான். படபடப்பை அடக்கற மாதிரி அடக்கிட்டு, அதுவே திரும்பக் கிளப்பிவிடும். மனசு உடைஞ்சவங்களை லேசுல விடாது."

"நல்லா உறைக்கிற மாதிரி சொல்லுங்க டாக்டர்!" மெக்கானிக்குக்குக் கொஞ்சம் தெம்பு வந்தது.

"மிரட்டினா நிக்காதுங்க. நிறுத்த வழி இருக்கு. ஆனா எங்க ஆரம்பிச்சதுன்னு தெரியணும்." டாக்டரம்மா குறிப்பெழுதப் பேனாவை எடுத்தார். "எப்பலேர்ந்தும்மா?"

"எட்டு மாசமா."

"எட்டு மாசத்துக்கு முன்னாடி என்ன நடந்தது?"

அவள் முதல் தடவையாக நிமிர்ந்து கணவனைப் பார்த்தாள். 'நீங்களே சொல்லுங்களேன்' என்று கெஞ்சுகிற பார்வை.

அவர் சட்டைப் பொத்தானைத் திருகினார். சுவரைப் பார்த்தார். ஜன்னலைப் பார்த்தார். அவளை மட்டும் பார்க்கவில்லை.

"ஒண்ணும் நடக்கல டாக்டர்."

அவள் கண்கள் நிறைந்து வழிந்தன. குரல் மட்டும் உடையவில்லை.

"எங்களுக்கு ஒரு பொண்ணு பொறந்தா டாக்டர். மூச்சில்லாம பொறந்தா. அவளைப் பத்தி யார் கேட்டாலும், நானே கேட்டாலும், இவர் இதையேதான் சொல்றார்."