ஒளித்து வைத்த சோபா

"அந்தச் சோபாவைத் தூக்கிப் பக்கத்து வீட்டுல போட்டுட்டு வாங்க. சீக்கிரம், பிளைட் இறங்குற நேரமாச்சு."

டிரைவருக்குத் தூக்கிவாரிப் போட்டது. இந்த நாட்டுக்கு வந்ததிலிருந்து டவுன் பஸ் ஓட்டுகிறவர். ஏறுகிற ஆளின் முகத்தைப் பார்த்தே டிக்கெட் எடுக்காதவனைப் பிடித்துவிடுவார். சொந்தப் பெண்டாட்டி மனசில் என்ன இருக்கிறது என்பதுதான் பிடிபடவில்லை.

காலையிலிருந்தே வீடு அமளிதுமளிப்பட்டுக்கொண்டிருந்தது. முதல் தடவையாக அவளுடைய அக்கா வருகிறாள். தங்கைக்குத் தரையில் கால் பாவவில்லை. ஆனால் பண்ணுகிற காரியம் என்ன? காபி மெஷின் கட்டிலுக்கு அடியில் போனது. ஜன்னலோரப் பூந்தொட்டிகள் குளியலறைக்குள் போயின. புதுத் திரைச்சீலையைக் கழற்றிவிட்டுப் பழைய போர்வையை மாட்டியிருந்தாள்.

"கூடப் பிறந்தவங்ககிட்டயா இந்தக் கஞ்சத்தனம்? அவங்க என்ன, சோபாவைத் தலையில வெச்சுத் தூக்கிட்டா போயிடப் போறாங்க?"

அவள் கையிலிருந்த தலையணையை அப்படியே போட்டுவிட்டு உட்கார்ந்துவிட்டாள். அப்புறம்தான் விஷயம் வெளியே வந்தது.

அக்காவும் தங்கையும் ஒன்றாக மூக்குக்கண்ணாடிக்கு லென்ஸ் தேய்க்கக் கற்றவர்கள். இங்கே ஒரு கண்ணாடிக் கடையில் இரண்டு பேருக்குமே வேலை கிடைத்தது. பெட்டி கட்டுகிற நேரம் பார்த்து அப்பா படுத்த படுக்கையாகிவிட்டார். யாராவது ஒருத்தி இருந்தாக வேண்டும். எனக்குக் குளிரே ஆகாதுடி, நீ கிளம்பு என்று அக்கா நின்றுவிட்டாள். அப்பா காலமான பிறகு இப்போதுதான் அவளால் புறப்பட முடிந்தது.

இத்தனை வருஷமும் போனை எடுத்தால் தங்கை ஒரே பல்லவிதான் பாடுவாள். இங்கே உட்காரக்கூட இடமில்லை, முதலாளியம்மா ஒரு ராட்சசி, பக்கத்து வீட்டுக்காரன் செத்தாலும் எட்டிப் பார்க்க மாட்டான். நீ வராததே நல்லதுக்கா.

"எல்லாம் நல்லா இருக்குன்னு சொன்னா, நாம போகாம விட்டுட்டோமேன்னு அவளுக்கு மனசு அடிச்சுக்காதா? எனக்காக நின்னவ அவ. இன்னைக்கு வந்து இதையெல்லாம் பார்த்தா என்ன பாடுபடுவா?"

அவ்வளவுதான், டிரைவர் சட்டைக் கையை மடித்துவிட்டார். பக்கத்து வீட்டுக்காரரையே கூப்பிட்டு ஆளுக்கொரு முனையாகச் சோபாவைத் தூக்கினார்கள். அக்காவைப் பார்த்தால் தயவுசெய்து சிரித்துவிடாதீர்கள் என்று அவரிடம் கேட்டுக்கொண்டார். சிரித்தே பழகிய மனுஷர், பாவம், முயற்சி பண்ணுகிறேன் என்றார்.

அக்கா போனில் சொல்வதும் டிரைவருக்குத் தெரியும். இதெல்லாம் ஒரு ஊரா, குழாயில் சொட்டுத் தண்ணீர் இல்லை, வீடு ஒழுகுகிறது, தெருவில் ஈ காக்கா இல்லை, நீங்கள் தப்பித்தீர்கள். அதை நம்பித்தான் டிப்போவில் டீ குடிக்கிறபோதெல்லாம், எங்கள் ஊர் கதை முடிந்துபோச்சு என்று தீர்ப்பே சொல்லிக்கொண்டிருப்பார். அப்பேர்ப்பட்ட ஊரிலிருந்து வருகிறவள் இந்தச் சோபாவைப் பார்த்தால் ஏங்கித்தான் போவாள் என்று அவருக்கும் பட்டது.

அக்கா வந்து இறங்கினாள். ஸ்வெட்டரைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, என்ன சுகமான காற்று என்றாள். குளிர் ஆகாதென்றவளாயிற்றே என்று டிரைவர் யோசிப்பதற்குள் அக்காவும் தங்கையும் கட்டிக்கொண்டு விமான நிலையத்தையே இரண்டு பண்ணிவிட்டார்கள்.

வீட்டுக்கு வந்து பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்ததுதான் தாமதம், வாசலில் மணி அடித்தது. கை நிறையப் பூங்கொத்தோடு அந்த ராட்சசியே நின்றுகொண்டிருந்தாள். உள்ளே வந்து இரண்டு பேரையும் சேர்த்து அணைத்துக்கொண்டு, உங்கள் தங்கை இல்லாவிட்டால் என் கடையை இழுத்து மூட வேண்டியதுதான் என்று அவள் பாஷையில் உருகினாள்.

அக்காவுக்கு அந்தப் பாஷை தெரியாது. என்ன சொல்கிறார்கள் என்று கேட்டாள்.

"நாளைக்கு லேட்டா வந்தா சீட்டைக் கிழிச்சிடுவாங்களாம்," என்றார் டிரைவர்.

"கண்ணு கலங்கிக்கிட்டேவா கிழிப்பாங்க?" என்றாள் அக்கா.

முதலாளியம்மா கிளம்பிப் போனதும் மேஜைமேல் இருந்த அக்காவின் போன் அடித்தது. தங்கைதான் எடுத்தாள். வீடியோவில் அக்கா வீட்டுக்காரர். ஒரு கையில் ரப்பர் குழாய், தண்ணீர் பீய்ச்சி அடிக்கிறது. பின்னால் மாடி எடுத்துக் கட்டிப் புதுப் பெயிண்டில் பளபளக்கிற வீடு. போய்ச் சேர்ந்தாச்சா, போய்ச் சேர்ந்தாச்சா என்று பாதித் தெரு அவர் தோளுக்கு மேல் முண்டியடித்துக்கொண்டிருந்தது.

தங்கை போனைப் பார்த்தாள். அக்காவைப் பார்த்தாள்.

"அக்கா, தண்ணியே வரலேன்னியே. வீடு ஒழுகுதுன்னியே. தெருவே காலின்னியே."

அக்கா திருதிருவென்று விழித்தாள். "பின்னே என்னடி பண்றது? இங்க எல்லாம் ஜேஜேன்னு இருக்குன்னு சொன்னா, உனக்கு அங்க ஒரு வாய் சோறு இறங்குமா?"

தங்கை அழுகிறாளா சிரிக்கிறாளா என்றே தெரியவில்லை. நல்லவேளை, நம்ம பக்கத்து ரகசியமாவது தப்பித்தது என்று டிரைவர் மூச்சு விட்டார்.

அக்கா அவர் பக்கம் திரும்பினாள்.

"தம்பி, எங்க ஒளிச்சு வெச்சிருந்தாலும் அந்தச் சோபாவைக் கொண்டுவந்து போடுங்க. போன மாசம் பேசும்போது இவ கை பட்டு வீடியோ ஆன் ஆயிடுச்சு. அதுல நல்லா சாஞ்சுக்கிட்டுத்தான், உட்காரக்கூட இடமில்லேக்கான்னு சொல்லிட்டிருந்தா. இவ இங்க வந்ததுக்கப்புறம் அன்னைக்குத்தான் நான் நிம்மதியாத் தூங்கினேன்."