மாதாவுக்கு நேர்ந்த காப்பி

"நீ யாரும்மா? இந்த வூட்ல இன்னா பண்ணிக்கினு இருக்க?" என்று ஆரோக்கியதாஸ் கேட்டதும், அடுப்படியில் நின்ற மார்கரெட்டின் கையிலிருந்து கரண்டி நழுவி விழுந்தது. முப்பது வருஷமாக அவரோடு குடித்தனம் நடத்துகிறவள் அவள்.

"இன்னாங்க இப்படிக் கேக்கறீங்க? நான்தாங்க, மார்கரெட்டு."

"எந்த மார்கரெட்டு?" என்றார் அவர், கூரையைப் பார்த்தபடி.

நேற்று வேட்டிக்குப் பதில் அவளுடைய உள்பாவாடையைக் கட்டிக்கொண்டு பால் சொசைட்டிக்குக் கிளம்பினார். முந்தாநாள் கச்சிராயபாளையம் கடைத்தெருவுக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டு கோமுகி அணையில் போய் நின்றார். ஐயோ பாவம், நல்லா இருந்த மனுஷன் என்று தெருவே உச்சுக்கொட்டியது.

பாவமாவது ஒன்றாவது. மனுஷன் தெளிவாகத்தான் இருந்தார். எல்லாம் ஒரு டம்ளர் காப்பிக்காக.

மகன் ஜானுக்கு வேலை கிடைத்தால் வீட்டுக்காரர் ஆயுசுக்கும் காப்பியைத் தொடமாட்டார் என்று மார்கரெட் மாதாவிடம் நேர்ந்துகொண்டிருந்தாள். வீட்டுக்காரரை ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஜானுக்குக் கள்ளக்குறிச்சியில் வேலை கிடைத்தது, ஆரோக்கியதாசுக்குக் காப்பி நின்றது.

"உன் காப்பிய நேந்துக்கறதுதான?" என்று அவர் சண்டை போட்டுப் பார்த்தார்.

"நான் வுட்டா தலவலி வந்து படுத்துக்குவேன். வூட்டு வேலைய யாரு பாக்கறது?" என்றாள் அவள். சொல்லிவிட்டு அவர் எதிரிலேயே உட்கார்ந்து உறிஞ்சிக் குடித்தாள்.

அதுவும் என்ன காப்பி? மலைமேல் கரியாலூரிலிருந்து அவருடைய சொந்தத் தங்கச்சி கொடுத்தனுப்பிய கொட்டை. வறுத்து இடித்தால் தெருமுனை வரைக்கும் மணக்கும். உப்புப் போட்டுச் சாப்பிடுகிற மனுஷன் எத்தனை நாள் தாங்குவார்?

அப்போதுதான் முடிவெட்டும் கடையில் பேப்பர் பார்த்தார். தினமும் காப்பி குடிப்பவர்களுக்கு மறதி நோய் வருவது குறைவாக இருக்கலாம் என்று ஏதோ ஆராய்ச்சி சொல்வதாகப் போட்டிருந்தது. 'இருக்கலாம்' என்பதை 'இருக்கும்' என்று படித்துக்கொண்டார். பேப்பரைக் கேட்டு வாங்கி வீட்டுக்குக் கொண்டுவந்து மார்கரெட்டுக்கும் அதைச் சத்தமாகப் படித்துக் காட்டிவிட்டு, மறுநாளிலிருந்து ஒவ்வொன்றாக மறக்க ஆரம்பித்தார்.

மார்கரெட் இரண்டு பக்கமும் கணக்குப் போட்டுப் பார்த்தாள். காப்பி கொடுத்தால் மாதா கோபித்துக்கொண்டு பிள்ளையின் வேலை போய்விடும். கொடுக்காவிட்டால் புருஷனுக்குத் தன் முகமே மறந்துபோகும். யோசித்து யோசித்துக் கடைசியில் அவரைக் கையோடு பிடித்துக்கொண்டு பங்குச் சாமியாரிடம் போய் நின்றாள்.

சாமியார் சின்ன வயசுக்காரர், பொறுமைசாலி. எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "ஒருத்தர் காப்பிய இன்னொருத்தர் எப்படிம்மா நேந்துக்க முடியும்?" என்றார்.

"புருஷன் வேற, பொஞ்சாதி வேறயா சாமி?" என்றாள் மார்கரெட்.

"ஐயா, உங்க பையன் பேரு இன்னாங்க?" என்று சாமியார் ஆரோக்கியதாசிடம் திரும்பினார்.

"பையனா? எனக்கா சாமி?"

மார்கரெட் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு விசும்பினாள்.

"உங்களுக்குக் கல்யாணம் எந்தக் கோயில்ல நடந்துச்சி?"

"கல்யாணம் வேற ஆயிடுச்சா?"

சாமியார் தலையை ஆட்டிக்கொண்டார். "சரி, காப்பி குடிக்கறத எப்ப நிறுத்துனீங்க?"

"நம்ம மாதா கோயில் கொடியேத்தத்தன்னிக்கு சாயங்காலம் சாமி. பாதி டம்ளர் குடிச்சிக்கினு இருக்கும்போதே கையில இருந்து புடுங்கிக்கினா. நுரைகூட அடங்கல. அன்னிக்கு வெல்லம் ஒரு சிட்டிகை ஜாஸ்தி, அதனால இன்னும் நல்லா இருந்திச்சி" என்றார் ஆரோக்கியதாஸ்.

விசும்பிக்கொண்டிருந்த மார்கரெட் நிறுத்திவிட்டு அவரை ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு நேராக உட்கார்ந்தாள்.

"காப்பி மருந்துன்னெல்லாம் நான் சொல்ல மாட்டேம்மா. ஆனா ஒரு டம்ளருக்காக மாதா கோச்சிக்கவும் மாட்டாங்க. தெனம் ஒண்ணு போடு" என்றார் சாமியார்.

"நீங்க சொன்னா தட்டுவனா சாமி? தெனம் ஒரு டம்ளர் போட்டுடறேன்" என்று மார்கரெட் கைகூப்பினாள்.

திரும்பி வருகையில் பஸ்ஸில் ஆரோக்கியதாஸ் ஜன்னல் பக்கமே முகத்தை வைத்துக்கொண்டார். வழி நெடுகக் கரும்புத் தோட்டங்களைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே வந்தார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த மார்கரெட் அவரையே பார்த்துக்கொண்டு வந்தாள்.

வீட்டுக்குள் நுழைந்ததும் அவள் நேராக அடுப்பைப் பற்றவைத்தாள். கொஞ்ச நேரத்தில் மணம் எழுந்தது. ஆரோக்கியதாசுக்கு நாக்கில் எச்சில் ஊறியது, மாதாவே என்று நெஞ்சில் கை வைத்துக்கொண்டார்.

"கை கால் கழுவிக்கினு வாங்க, ஆத்தி வெக்கறேன்" என்றாள்.

தோட்டத்துப் பக்கம் போய் அவசர அவசரமாகக் கழுவினார். துடைக்கக்கூடச் செய்யாமல் ஓடிவந்து ஸ்டூலின் எதிரில் உட்கார்ந்தார். ஸ்டூல்மேல் டம்ளர் இருந்தது. டம்ளரின் அடியில் கொஞ்சம் நுரை மட்டும் இருந்தது. மார்கரெட் எதிரே உட்கார்ந்து, முந்தானையால் வாயைத் துடைத்துவிட்டுக் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"எம்மா, எங்க என் காப்பி?"

அவள் கீரையைக் கீழே வைத்துவிட்டு, அவர் முகத்தை இரக்கத்தோடு பார்த்தாள்.

"இப்பதானங்க குடிச்சீங்க, அதுக்குள்ள மறந்துட்டீங்களா?"