காயலான் கடைக்குப் போற வழி

பொன்னுரங்கம் தன்னோட கிழட்டுக் காரை காயலான் கடையில போட்டுடலாம்னு முடிவு பண்ணிட்டாரு. ஆனா கார் ஸ்டார்ட்டே ஆகல. கடை வரைக்கும் ஓட்டணுமேன்னு புது பேட்டரி வாங்கி மாட்டினாரு.

பேட்டரிக்கு வந்துச்சு பாருங்க கோபம். "யோவ் பெருசு, உன்னை உடைக்கப் போறாங்கன்னா என்னை எதுக்குய்யா மாட்டினாங்க? அறிவிருக்கா இந்த ஆளுக்கு?"

"எனக்கும் புரியலப்பா"ன்னு கார் சொல்லுச்சு. "போன மாசமும் அங்கதான் கிளம்பினோம். டயர் தேஞ்சிருக்குன்னு புதுசு போட்டாரு. புது டயரோட எப்படி உடைக்கிறதுன்னு வீட்டுக்கே திருப்பிட்டாரு."

பொன்னுரங்கம் வந்து நாலு சக்கரத்துக்கடியிலயும் எலுமிச்சம்பழம் வச்சாரு.

"சாகப் போற வண்டி மேல எவன்யா கண்ணு வைக்கப் போறான்?"ன்னு பேட்டரி கத்துச்சு.

பழத்தை நசுக்கிட்டு கார் ஜம்முனு கிளம்புச்சு. காயலான் கடை வந்ததும் பொன்னுரங்கம் பிரேக்கை மிதிச்சாரு. பிடிக்கல. கடையைத் தாண்டிப் போய் மணல் குவியல்ல முட்டித்தான் கார் நின்னுச்சு.

அவரு இறங்கி மெக்கானிக்குக்கு போன் போட்டாரு. "தம்பி, நல்ல பிரேக்கா போட்டுக் குடு. காயலான் கடையில நிறுத்தணும்ல?"

"பெருசு, இப்ப நாம பொழச்சோமா, செத்தோமா?"

"தெரியலப்பா. நல்ல பிரேக்கா கேக்குறாரே!"