கொக்குகள் கடந்த அறை

திண்டிவனத்தில் வீட்டிலிருந்தே செயலிகள் எழுதும் டயானா, மழை வந்தால் போன் திரையில் திறக்கும்படி தான் செய்த அறிவிப்புச் சாளரத்தைச் சோதித்தாள். மேசையில் ஆண்ட்ராய்டு போனும் ஐபோனும் அருகருகே இருந்தன. இரண்டிலும் சாளரம் திறந்து திரை முழுவதையும் நீலமாக மூடியது. முதல் போனில் ஐந்து கொக்குகள் பறந்து, ஓரத்தில் மறைந்து, அடுத்த போனுக்குள் நுழைந்தன.

"வீடியோ எதாச்சும் போட்டுக்கினியா?" என்றான் கணவன் அருண்.

"இல்லீங்க. வெறும் நீலந்தான்."

அருண் ஐபோனோடு அறையின் மறுகோடிக்குப் போய் நின்றான். மேசைமேல் இருந்த போனில் மறுபடி கிளம்பிய கொக்குகள் அவன் கையிலிருந்த திரைக்கு வந்து சேரச் சற்று நேரம் பிடித்தது. மின்விசிறி ஓடவில்லை. அவன் தலைமுடி காற்றில் கலைந்தது.

"மூடிடு டயானா," என்றான் மெல்ல.

அழுத்தப் போன விரலை அவள் எடுத்துக்கொண்டாள்.

"இருங்க. ஒண்ணு இன்னும் வந்து சேரலை."